ஓரத்தில் நின்ற ஆச்சி எங்கே? ஃபோட்டோவில் விக்னெட், கிரேடியன்ட்... மறுபடியும் மாற்றக்கூடிய மாதிரி போடுவது எப்படி?

கல்யாணம் முடிந்து ஆல்பம் வீட்டுக்கு வந்திருக்கிறது. வளவில் சொந்தபந்தம் எல்லோரும் கூடி நின்று எடுத்த குடும்பப் படம். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் பளிச்சென்று இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் போகப் போக முகங்கள் மங்குகின்றன. கடைசியில் தூணை ஒட்டி நின்ற பெரிய ஆச்சியின் முகம் இருட்டுக்குள்ளேயே போய்விட்டது.

"ஆச்சி முகம் தெரியலையே தம்பி, கொஞ்சம் வெளிச்சமாக்கித் தர முடியுமா?" என்று ஸ்டுடியோவுக்கு ஃபோன் போகிறது. "சேவ் பண்ணியாச்சுங்க, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்று பதில் வருகிறது.

காரைக்குடி என்றில்லை, எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. இதில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, குரூப் ஃபோட்டோவில் ஓரத்தை இருட்டாக்கியது. இரண்டு, அந்த இருட்டைத் திரும்ப எடுக்கவே முடியாத மாதிரி படத்தோடு ஒட்டிவிட்டது. முதல் தவறு ரசனை சம்பந்தப்பட்டது. இரண்டாவது தவறைத் தவிர்க்க ஐந்து நிமிடப் பழக்கம் போதும். அது என்ன பழக்கம்? விரிவாகப் பார்க்கலாம்.

விக்னெட், கிரேடியன்ட்... என்ன வித்தியாசம்?

ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கோ, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கோ படிப்படியாக மாறுவதுதான் கிரேடியன்ட். சாயங்கால வானம் மேலே கருநீலமாகவும் கீழே ஆரஞ்சாகவும் இருக்கிறதே, அது இயற்கை போட்ட கிரேடியன்ட். நேர்கோட்டில் மாறினால் அது லீனியர். நடுவிலிருந்து வட்டமாக வெளியே மாறினால் ரேடியல்.

விக்னெட் என்பது இந்த ரேடியல் வகையின் ஒரு பயன்பாடு. படத்தின் நடுப்பகுதியை அப்படியே விட்டு, நான்கு ஓரங்களையும் மெல்ல இருட்டாக்குவது அல்லது வெளுப்பாக்குவது. பார்ப்பவரின் கண் தானாக நடுவுக்குப் போகும்.

பிரெஞ்சு மொழியில் திராட்சைக் கொடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பழைய புத்தகங்களில் பக்க ஓரத்தில் கொடி மாதிரி வரைந்த சின்ன அலங்காரத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர். 19-ம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் தலையும் தோளும் மட்டும் தெரிந்து, ஓரமெல்லாம் வெள்ளையாகக் கரைந்து போகிற மாதிரி படம் எடுத்தார்கள். அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்போது கம்ப்யூட்டர் ஏது? முட்டை வடிவத்தில் ஓட்டை போட்ட அட்டையை லென்ஸுக்கு முன்னால் வைத்தார்கள். அல்லது டார்க் ரூமில் பிரின்ட் போடும்போது காகிதத்துக்கு மேலே அந்த அட்டையைப் பிடித்து லேசாக ஆட்டினார்கள். ஆட்டினால்தான் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி இல்லாமல் மெல்லக் கரையும். இன்று எடிட்டிங் ஆப்களில் 'ஃபெதர்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, அது அந்தக் கை ஆட்டத்தின் டிஜிட்டல் வாரிசு.

செட்டிநாட்டு வீடு ஏன் நல்ல பாடம்?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கத்து பெரிய வீடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும். முகப்பு, திண்ணை தாண்டி உள்ளே போனால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தூண் வரிசை, தாழ்வாரம். அதற்கும் பின்னால் அறைகள்.

வெளிச்சம் மேலிருந்து முற்றத்தில் விழுகிறது. அங்கிருந்து தாழ்வாரத்துக்கு வரும்போது குறைகிறது. அறைக்குள் போனால் இன்னும் குறைகிறது. அதாவது அந்த வீடே ஒரு விக்னெட். முற்றத்தில் நிற்பவர் மேல் வெளிச்சம், சுற்றிலும் மெல்லிய நிழல்.

இந்த வெளிச்சத்துக்காகத்தான் சினிமா ஷூட்டிங்கும் கல்யாண ஷூட்டிங்கும் இந்தப் பக்கம் வருகின்றன. இந்த ஊருக்கு சினிமா புதிதும் அல்ல. காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பன் 1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தை காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டுத்தான் எடுத்தார்.

ஆனால் கேமராவுக்கு இந்த வீடு கொஞ்சம் கஷ்டமான இடம். நம் கண் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் ஒரே நேரத்தில் சமாளித்துவிடும். கேமராவால் அந்த அளவுக்கு முடியாது. முற்றத்துக்கு ஏற்றபடி எடுத்தால் தாழ்வாரம் கறுப்பாகும். தாழ்வாரத்துக்கு ஏற்றபடி எடுத்தால் முற்றம் வெள்ளையாக வெடித்துவிடும். அதனால்தான் எடிட்டிங்கில் கிரேடியன்ட் தேவைப்படுகிறது. ஒரு பக்கம் குறைக்க, இன்னொரு பக்கம் கூட்ட.

இங்கே ஒரு முக்கியமான விதி: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் இருட்டு இருக்க வேண்டும். இடது பக்க முற்றத்திலிருந்து வெளிச்சம் வரும் படத்தில் நான்கு மூலையையும் ஒரே மாதிரி இருட்டாக்கினால் பார்த்தவுடனே 'எடிட்' என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட படத்துக்கு விக்னெட் வேண்டாம். வலது பக்கம் மட்டும் ஒரு லீனியர் கிரேடியன்ட் போதும்.

லென்ஸே ஓரத்தை இருட்டாக்குமா?

ஆமாம். நாம் எதுவும் செய்யாமலேயே படத்தின் மூலைகள் கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கவனித்திருக்கலாம். லென்ஸின் நடுவில் நேராக வரும் ஒளியைவிட, ஓரத்தில் சாய்வாக வரும் ஒளி குறைவாகவே சென்சாரில் சேரும்.

எளிய லென்ஸ் கணக்கில், சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்கு அளவுக்கு வெளிச்சம் குறைகிறது. கணக்கு பயமுறுத்த வேண்டாம். 30 டிகிரி சாய்வில் நடுவில் இருக்கும் வெளிச்சத்தில் சுமார் 56 சதவீதம்தான் கிடைக்கும். 45 டிகிரியில் வெறும் 25 சதவீதம். இன்றைய லென்ஸ்கள் இந்த இழப்பைக் குறைக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. ஆனாலும் முழுதாகப் போய்விடுவதில்லை.

பெரிய வளவு முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று வைட் ஆங்கிள் லென்ஸ் போடுகிறோம். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து வைக்கிறோம். இரண்டும் சேர்ந்து மூலைகளை ஏற்கெனவே இருட்டாக்கியிருக்கும். அதற்கு மேல் நாமும் விக்னெட் போட்டால் இருட்டு இரட்டிப்பாகும். ஆச்சி காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே முதல் வேலை, லைட்ரூமிலோ கேமரா ராவிலோ 'லென்ஸ் புரொஃபைல் கரெக்‌ஷன்' என்பதை ஆன் செய்வது. லென்ஸ் கொடுத்த இருட்டு போய்விடும். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும் நம் விக்னெட்.

அழியும் எடிட், அழியாத எடிட்

ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, கறுப்பு பிரஷ்ஷால் ஓரத்தைத் தடவி, அதே பெயரில் சேவ் செய்து மூடினால் என்ன ஆகும்? பழைய பிக்சல்கள் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது இருட்டுப் பிக்சல்கள்தான் இருக்கின்றன. மறுநாள் திறந்து 'அன்டூ' கொடுத்தாலும் பலன் இல்லை. இதுதான் அழியும் எடிட்.

அழியாத எடிட் வேறு மாதிரி. மூலப் படம் அடியில் அப்படியே இருக்கும். அதன் மேல் கண்ணாடித்தாள் வைத்த மாதிரி ஒரு லேயர். இருட்டு, நிறம், மங்கல் எல்லாம் அந்தத் தாளில்தான். பிடிக்கவில்லையா? தாளை எடுத்துவிடலாம். கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், நகர்த்தலாம். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் முடியும்.

இது ஒரே நாளில் வந்த வசதி இல்லை. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-ல் வந்தபோது அதில் லேயரே கிடையாது. 1994-ல் மூன்றாம் பதிப்பில்தான் லேயர் வந்தது. 1996-ல் நான்காம் பதிப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வந்தது. 2005-ல் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், 2007-ல் ஸ்மார்ட் ஃபில்டர். கிரேடியன்ட்டை படத்தின் மேலேயே பிடித்து இழுத்து மாற்றும் வசதி 2023 மே மாதம்தான் வந்தது.

கொசுறு தகவல்: ஃபோட்டோஷாப் திறக்கும்போது திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பல வருடங்களாக உலகம் முழுக்கப் பலர் கவனித்த ஒரு பெயர், சீதாராமன் நாராயணன். அந்த மென்பொருளை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர்.

சரி, இப்போது செய்முறைக்கு வருவோம்.

வழி 1: கிரேடியன்ட் ஃபில் லேயர்

ஃபோட்டோஷாப்பில் லேயர் பேனலின் அடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் 'கிரேடியன்ட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒரு சின்ன பெட்டி திறக்கும்.

* கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாததுக்கு மாறும் கிரேடியன்ட்டை எடுங்கள். அதாவது ஒரு முனை கறுப்பு, மறு முனை டிரான்ஸ்பரென்ட்.
* ஸ்டைலில் 'ரேடியல்' கொடுங்கள். இப்போது நடுவில் கறுப்பு, ஓரம் வெளிச்சமாக இருக்கும். பதற வேண்டாம். 'ரிவர்ஸ்' டிக் செய்தால் தலைகீழாக மாறிவிடும்.
* 'ஸ்கேல்' அளவை 150 சதவீதம் பக்கம் கொண்டு போனால் இருட்டு மூலைகளுக்கு ஒதுங்கும்.
* பெட்டி திறந்திருக்கும்போதே படத்தின் மேல் மவுஸை வைத்து இழுத்தால் மையம் நகரும். பெண் மாப்பிள்ளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக நின்றால் இது கைகொடுக்கும்.
* ஓகே கொடுத்த பிறகு லேயரின் பிளெண்ட் மோடை 'சாஃப்ட் லைட்' அல்லது 'மல்டிப்ளை' ஆக்கி, ஒபாசிட்டியை 30, 40 சதவீதத்துக்குக் குறையுங்கள்.

அவ்வளவுதான். நாளைக்கு மாற்ற வேண்டுமா? அந்த லேயரின் குட்டிப் படத்தை இரண்டு முறை தட்டினால் அதே பெட்டி திரும்பத் திறக்கும். எல்லா எண்ணும் போட்டது போட்டபடி இருக்கும்.

வழி 2: கர்வ்ஸும் மாஸ்க்கும்

முதல் வழியில் ஒரு குறை உண்டு. அது படத்தின் மேல் கறுப்பு பூசுகிறது. பட்டுப்புடவையின் அரக்கு நிறமும் ஆத்தங்குடி டைல்ஸின் பச்சையும் சேறு பூசின மாதிரி ஆகிவிடலாம். கறுப்பு பூசாமல் வெளிச்சத்தை மட்டும் குறைப்பதுதான் இரண்டாவது வழி. நிறைய ரீடச்சர்கள் விரும்புவது இதைத்தான்.

* எலிப்டிக்கல் மார்க்கீ டூலால் படத்தின் நடுவில் பெரிய முட்டை வடிவம் வரையுங்கள்.
* கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேர்வு தலைகீழாகும். இப்போது ஓரம் மட்டும் தேர்வாகி இருக்கும்.
* அதே வட்டப் பட்டனில் 'கர்வ்ஸ்' கொடுங்கள். கோட்டின் நடுவைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஓரம் இருட்டாகும். ஆனால் விளிம்பு கோடு போட்ட மாதிரி கூர்மையாக இருக்கும்.
* லேயரின் மாஸ்க்கைத் தட்டி, பிராப்பர்டீஸ் பேனலில் 'ஃபெதர்' ஸ்லைடரை நகர்த்துங்கள். விளிம்பு கரையும். 24 மெகாபிக்சல் படம் என்றால் அகலம் மட்டும் சுமார் 6000 பிக்சல். அதனால் ஃபெதர் 20, 30 என்று வைத்தால் ஒன்றும் தெரியாது. சில நூறு பிக்சல் தேவைப்படும்.

இங்கேதான் சூட்சுமம். தேர்வு செய்யும்போதே ஃபெதர் கொடுத்தால் அது மாஸ்க்கோடு ஒட்டிவிடும், பிறகு குறைக்க முடியாது. பிராப்பர்டீஸில் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஆச்சி முகத்தை மீட்க வேண்டுமா? மாஸ்க்கைத் தேர்வு செய்து, மிருதுவான கறுப்பு பிரஷ்ஷால் அவர் முகத்தின் மேல் தடவுங்கள். ஃபெதர் அளவு பெரிதாக இருந்தால் அந்தத் தடவலும் சேர்ந்து கரைந்துவிடும். எனவே கர்வ்ஸ் லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்புக்குத் தனி மாஸ்க் வைத்து அதில் தடவுவது நல்லது. மாஸ்க்கில் கறுப்பு என்றால் 'இங்கே இந்த எடிட் வேண்டாம்' என்று அர்த்தம்.

ஒரு சந்தேகம் வரலாம். மாஸ்க் மேலேயே கிரேடியன்ட் டூலை இழுத்தால்? இழுக்கலாம். அது பிக்சலாகத்தான் பதியும், பிடித்து இழுத்து மாற்ற முடியாது. ஆனால் பதிவது மாஸ்க்கில்தான், படத்தில் அல்ல. திருப்தி இல்லை என்றால் மறுபடியும் இழுத்தால் புதிது வந்துவிடும்.

வழி 3: லைட்ரூம், கேமரா ரா

ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் கல்யாண ஃபோட்டோகிராஃபர்களுக்கு வசதியான வழி இது. லைட்ரூம் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. 'இந்தப் படத்தில் ஓரத்தை இவ்வளவு குறை' என்று ஒரு குறிப்பை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. சமையலே செய்யாமல் செய்முறையை மட்டும் எழுதி வைப்பது மாதிரி. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் சமையல் நடக்கிறது.

இதில் 'எஃபெக்ட்ஸ்' பகுதியில் 'போஸ்ட் கிராப் விக்னெட்டிங்' இருக்கும். படத்தை எப்படி வெட்டினாலும் வெட்டிய அளவுக்கு ஏற்ப இருட்டு தானாக மாறிக்கொள்ளும். அதில் ஐந்து ஸ்லைடர்கள்.

* அமவுன்ட்: மைனஸ் பக்கம் போனால் இருட்டு, பிளஸ் பக்கம் போனால் வெளுப்பு.
* மிட்பாயின்ட்: இருட்டு எவ்வளவு தூரம் உள்ளே வர வேண்டும்.
* ரவுண்ட்னஸ்: வட்டமா, முட்டையா, செவ்வகமா.
* ஃபெதர்: விளிம்பு எவ்வளவு மெல்லக் கரைய வேண்டும்.
* ஹைலைட்ஸ்: ஓரத்தில் குத்துவிளக்குச் சுடரோ வெள்ளை வேட்டியோ இருந்தால், அந்த வெளிச்சம் மட்டும் சாம்பலாகாமல் காக்கும்.

மாஸ்க்கிங் பகுதியில் லீனியர் கிரேடியன்ட், ரேடியல் கிரேடியன்ட் என்று இரண்டும் தனியாக உண்டு. முற்றத்தின் மேல் வானம் வெளுத்துப் போயிருந்தால் மேலிருந்து கீழாக ஒரு லீனியர் இழுத்து எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். தூணும் சேர்ந்து இருட்டாகிறதா? 'சப்ட்ராக்ட்' கொடுத்து அதை மட்டும் கழித்துவிடலாம்.

ஃபோட்டோஷாப்பிலேயே இதெல்லாம் வேண்டும் என்றால், லேயரை முதலில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டு, பிறகு 'கேமரா ரா ஃபில்டர்' திறங்கள். வரிசை மாறக்கூடாது. மாறினால் எடிட் பிக்சலோடு ஒட்டிவிடும்.

காசு கொடுக்காமல் முடியுமா?

முடியும். ஜிம்ப் இலவச மென்பொருள். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலேயே கிரேடியன்ட்டைப் படத்தின் மேல் வைத்து மாற்றும் வசதி வந்துவிட்டது. ஆனால் என்டர் தட்டியதும் அது ஒட்டிவிடும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களை அழியாத வகையில் லேயரோடு வைத்துக்கொள்ளலாம். 'லைட் அண்ட் ஷேடோ' பட்டியலில் விக்னெட் ஃபில்டர் இருக்கிறது. சேவ் செய்யும்போது ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் எதுவுமே இன்ஸ்டால் செய்ய முடியாதவர்களுக்கு ஃபோட்டோபீ. பிரவுசரிலேயே ஓடும். ஃபோட்டோஷாப் ஃபைலையும் திறக்கும். மேலே சொன்ன முதல் இரண்டு வழிகளையும் இதில் அப்படியே செய்யலாம்.

ஃபோனில்?

ஸ்நாப்சீட்டில் விக்னெட் டூலைத் திறந்தால் படத்தின் மேல் ஒரு புள்ளி வரும். அதை யார் முகத்தில் வைக்கிறீர்களோ அதுதான் மையம். இரண்டு விரலால் விரித்தால் வட்டம் பெரிதாகும். உள் வெளிச்சம், வெளி வெளிச்சம் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். செய்த பிறகு எடிட் வரிசையைத் திறந்து அந்தப் படியை மட்டும் திருத்தலாம், நீக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு பட்டன் இருக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

ஐஃபோனின் ஃபோட்டோஸ் ஆப்பிலேயே விக்னெட் ஸ்லைடர் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் 'ரிவர்ட்' கொடுத்து ஒரிஜினலுக்குத் திரும்பலாம்.

ஆனால் ஒன்று. எடிட் செய்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஃபோனில் இடமில்லை என்று ஒரிஜினலை அழித்துவிட்டால் எந்த ஆப்பாலும் காப்பாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் போனது சுருக்கப்பட்ட ஒரு பிரதி மட்டும்தான்.

வெள்ளைச் சுவரில் கோடு கோடாகத் தெரிகிறதே?

செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு வழுவழுவென்று பளிங்கு மாதிரி இருக்கும். அந்த மாதிரி வெற்றுச் சுவரில் கிரேடியன்ட் போட்டால் சில நேரம் மெல்ல மாறாமல், படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். இதற்குப் பெயர் பேண்டிங்.

காரணம் எளிது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். சுவரில் வெளிச்சம் 20 படி மட்டும் குறைகிறது, அது 2000 பிக்சல் தூரத்துக்குப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலப் பட்டையாக நிற்கும். கண்ணில் படாமல் இருக்குமா?

தீர்வு மூன்று. ரா ஃபைலிலிருந்து தொடங்கி 16 பிட்டில் வேலை செய்யுங்கள். கிரேடியன்ட் பெட்டியில் 'டிதர்' டிக் செய்யுங்கள். கடைசியில் லேசாக கிரெய்ன் தூவுங்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் சுவரில் பட்டை தெரியாது.

எங்கே போடவே கூடாது?

1994 ஜூனில் அமெரிக்காவின் டைம், நியூஸ்வீக் இரண்டு பத்திரிகைகளும் ஓ.ஜே.சிம்ப்சனின் ஒரே போலீஸ் படத்தை அட்டையில் போட்டன. நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் படத்தில் அவர் முகம் கறுப்பாக்கப்பட்டு, ஓரங்கள் இருட்டாக்கப்பட்டிருந்தன. தீர்ப்பு வருவதற்கு முன்பே அவரைக் குற்றவாளி மாதிரி காட்டுகிறது, நிறவெறி என்று பெரிய கண்டனம் எழுந்தது. ஓர இருட்டு என்பது வெறும் அலங்காரம் இல்லை, அது ஒரு மனிதரைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பதற்கு இன்றும் இந்தப் படத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

2015-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. படத்தில் இருந்த பொருட்கள் மறைந்து போகும் அளவுக்குச் சில இடங்களைக் கறுப்பாக்கியதும் காரணங்களில் ஒன்று. இருட்டாக்கி மறைப்பதும் அழிப்பதும் செய்தியில் ஒன்றுதான்.

இதையே நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பூட்டியே கிடக்கும் வீடுகள் உண்டு. பங்காளிகளுக்குள் பேசி முடியாமல் பிரிக்கப்பட்டு, தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைக்குப் போன வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீடு போய்விட்டால், அங்கே நடந்த கல்யாணத்தின் படம்தான் அந்த வீட்டுக்குக் கடைசி சாட்சி. நடுவில் இருப்பது மணமக்கள். ஓரத்தில் இருப்பதுதான் தூண், போதிகை, நிலைக்கதவு, டைல்ஸ். விக்னெட் இருட்டாக்குவது சரியாக அந்த ஓரத்தைத்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தக் காலக் குடும்பப் படங்கள் விற்பனைக்குக் கிடப்பதைப் பார்க்கலாம். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இல்லை. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படங்களில் ஆய்வாளர்களுக்கு முகம் மட்டும் போதாது. பின்னால் இருக்கும் திரை, நாற்காலி, ஓரத்தில் நிற்கும் பிள்ளை எல்லாம் தகவல்தான்.

ஆகவே மூன்று இடத்தில் விக்னெட் வேண்டாம். குரூப் ஃபோட்டோ, செய்திப் படம், வீட்டையோ கோவிலையோ பதிவு செய்ய எடுத்த படம்.

இன்னொன்றும் உண்டு. ரேடியல் கிரேடியன்ட்டை மணப்பெண் முகத்தில் வைத்து வெளிச்சம் கூட்டும் பழக்கம். கூட்டலாம், அளவோடு. முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று ஆகிவிட்டால் அது வெளிச்சம் இல்லை, வெள்ளையடிப்பு. எடிட் முடிந்ததும் முகத்தையும் கையையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் அம்மா பார்த்தால் "இது எம் பொண்ணுதான்" என்று சொல்ல வேண்டும்.

ஸ்டுடியோவிடம் என்ன கேட்க வேண்டும்?

எடிட்டிங் தெரியாதவர்களும் இதைக் கவனிக்கலாம். ஆல்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

* ஒரிஜினல் படங்கள், முடிந்தால் ரா ஃபைல்கள், எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்? ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளலாமா?
* ஆல்பத்துக்குப் போகும் முக்கியப் படங்களை லேயரோடு பிஎஸ்டியாகவோ டிஃப்பாகவோ தர முடியுமா?
* பிரின்ட்டுக்குப் போகும் முன் டிசைனை ஒருமுறை காட்டுவீர்களா? காட்டும்போது ஃபோனில் பார்க்காமல், பெரிய திரையில் ஓர முகங்களை மட்டும் ஒரு சுற்று பாருங்கள். திரையில் லேசாகத் தெரியும் இருட்டு, பிரின்ட்டில் இன்னும் ஒரு படி அதிகமாகத் தெரியலாம்.

ஃபோட்டோகிராஃபர்களுக்கு ஒரு சுருக்கமான சோதனை. எடிட் முடித்ததும் விக்னெட் லேயரின் கண் அடையாளத்தை ஒருமுறை அணைத்து, ஒருமுறை போட்டுப் பாருங்கள். 'அட, என்ன பெரிய மாற்றம்' என்று தோன்றினால் அதிகமாகிவிட்டது. பாதியாகக் குறையுங்கள். நல்ல விக்னெட் இருப்பது தெரியாது, எடுத்தால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

சேவ் செய்யும்போது ஒரே விதி: லேயரோடு ஒரு ஃபைல், அனுப்புவதற்கு ஒரு ஜேபெக், தொடாத ஒரிஜினல் ஒன்று. மூன்றும் தனித்தனி. 'ஃப்ளாட்டன்' பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள்.

அப்படி வைத்திருந்தால், ஆல்பம் வந்த அன்று ஃபோன் வரும்போது பதில் வேறு மாதிரி இருக்கும். "ஒரு பத்து நிமிஷம் கொடுங்கம்மா, ஆச்சி முகத்தை மட்டும் வெளிச்சமாக்கி அனுப்புறேன்." அந்த வீட்டில் எடுத்த ஆச்சியின் கடைசிப் படம் அதுவாகக்கூட இருக்கலாம்.